கடல் கடந்த பிள்ளைகள்

அயல்நாட்டில் வாழ்ந்த தம்பதியர் பிரிகின்றனர். ஒருவர் குழந்தையுடன் பெங்களூர் திரும்புகிறார். அக்குழந்தையைப் பற்றித் தீர்ப்புக் கூறவேண்டிய நீதிமன்றம் எது? இன்று அடிக்கடி எழும் இவ்வினா, நூறாண்டுகளுக்கு முன் சென்னையிலும் எழுந்ததுண்டு.

அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணையா, 1910-இல் தம் புதல்வர் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தன் இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் எழுத்து மூலம் ஒப்படைத்தார். அம்மையார் 1912-இல் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தையின் மனம் மாறிற்று. பிள்ளைகளைத் திரும்பக் கோரி வழக்குத் தொடுத்தார். செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் தொடங்கிய அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913-இல் தந்தை வென்றார், மேல்முறையீட்டிலும் வென்றார்.

ஆனால் 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. தந்தையின் உரிமையை அது மறுக்கவில்லை. பிள்ளைகளின் நலம் வேண்டுமாயின், அளித்த பொறுப்பைத் தந்தை மீட்கலாம் என்றே கூறிற்று. எனினும், பிள்ளைகள் இருந்ததோ இங்கிலாந்தில். அவர்கள் விருப்பத்தையோ எவரும் கேட்டறியவில்லை. ஆதலின், தந்தை நாடவேண்டியது இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தையே என்றது. பிள்ளைகள் அங்கேயே தங்கினர். கிருஷ்ணமூர்த்தி தாயகம் திரும்பியது 1921-இல்தான்.

பிள்ளைகளைப் பிறநாட்டுக்குக் கொண்டுசெல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே நம் நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய்கின்றன. 2020-இல் பெங்களூரிலிருந்து சென்ற வழக்கொன்றில், குழந்தையின் நலனையே அளவுகோலாக்கி, தந்தையுடன் அமெரிக்கா திரும்ப உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

பெற்றோரின் உரிமையைச் சட்டம் பேசலாம். பிள்ளையின் மனத்தைக் கேளாத தீர்ப்பு முழுமையாகாது.