ஆற்றோடு தாழ்ந்த துறைமுகம்



துறைமுகம் என்றவுடன் அலைகடலும் உப்புக்காற்றும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. கொழும்பையும் திருகோணமலையையும் காங்கேசன்துறையையும் கண்டு பழகிய நமக்கு வேறுவகைத் துறைமுகமொன்றைக் கற்பனை செய்தல் எளிதன்று. ஆயினும், கடலிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே தள்ளி, ஆலைகளும் புகைபோக்கிகளும் சூழ்ந்த நிலத்தின் நடுவே, உள்நாட்டுத் துறைமுகங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றென உலகத்தார் மதிக்கும் துறைமுகம் ஒன்று இருக்கின்றது. ஜேர்மனியின் மேற்குப் பகுதியில், றூர் என்னும் சிற்றாறு றைன் பேராற்றோடு கலக்கும் இடத்தில், டூயிஸ்பேர்க் நகரைச் சேர்ந்த றூரோர்ட் துறைமுகமே அது. 'ஓர்ட்' என்பதற்கு அந்நாட்டுப் பழைய வழக்கில் 'முனை' என்பது பொருள். கல்முனை என்ற பெயரை அறிந்த நமக்கு றூர்முனை என்பதும் அந்நியமாகத் தோன்றாது.

கடற்றுறைமுகத்தைக் கடல் எளிதில் கைவிட்டுப் போவதில்லை. ஆறு அத்தகையதன்று. அது விலகிப் போகும், வற்றிப் போகும், சில வேளைகளில் தன் படுக்கையையே அரித்துக்கொண்டு கீழே இறங்கியும் போகும். இம்மூன்று துன்பங்களையும் கண்ட ஊர் டூயிஸ்பேர்க்.

முதலாவது துன்பம் மத்திய காலத்தில் நேர்ந்தது. றைன் நதி அக்காலத்தில் டூயிஸ்பேர்க்கின் மதிலோரமாக ஓடிற்று. அதனால் அவ்வூர் வணிகத்தில் செழித்தது. பின்னர் நதி மேற்கு நோக்கி விலகிச் சென்றது. வணிகரும் விலகினர், துறைநகரம் உழவர் ஊராயிற்று. கடலோடிகளுக்குப் பெரிதும் பயன்பட்ட உலகப் படத்தை 1569 ஆம் ஆண்டில் வரைந்து வெளியிட்ட மேர்க்காற்றர் என்ற அறிஞர், ஆறு கைவிட்ட இந்த ஊரிலேதான் குடியிருந்தார் என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது.

டூயிஸ்பேர்க் இழந்ததை அயலிலிருந்த சின்னஞ்சிறு றூரோர்ட் பெற்றுக்கொண்டது. 1716 ஆம் ஆண்டில் அவ்வூர் மன்றத்தார் படகுகள் தங்குவதற்கென ஒரு குடாவை அமைக்க முடிவு செய்தனர். அம்முடிவே இன்றைய துறைமுகத்தின் பிறப்பு எனக் கொள்ளப்படுகின்றது. அப்போது அவ்வூர் பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

இனி, அக்குடாவுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். றூர் ஆற்றின் இரு கரைகளிலும் நிலக்கரி நிலத்தின் மேற்பரப்புக்கு அண்மையிலேயே கிடந்தது. அதைப் படகேற்றி றைன் நதிக்குக் கொண்டுவருவதில் பெரிய இடையூறு ஒன்று இருந்தது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றுவதற்காக ஆற்றின் குறுக்கே ஆங்காங்கு அணைகள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வோர் அணையிலும் கரியைக் கூடைகூடையாக இறக்கி, அப்பாலுள்ள படகில் மீண்டும் ஏற்றவேண்டும். இவ்வாறு பலமுறை ஏற்றி இறக்கியபின் கரி நொறுங்கித் தூளாகிவிடும்; விலையும் குறையும். இக்குறையைத் தீர்ப்பதற்காக இரண்டாம் பிரெடெரிக் மன்னரின் ஆட்சியில் பதினாறு நீரடைப்புக்கள் கட்டப்பட்டு, 1780 ஆம் ஆண்டளவில் பணி நிறைவேறியது. இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அணையைக் கடக்கச் செய்யும் அமைப்பே நீரடைப்பு எனப்படுவது. அதன்பின் கரிப் படகுகள் றூரோர்ட்டுக்குத் தடையின்றி இறங்கி வந்தன. திரும்பும் பயணத்தில் கரையோரப் பாதையிலே குதிரைகள் அவற்றைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜேர்மனியில் மிகுந்த படகுப் போக்குவரத்தைக் கண்ட ஆறுகளுள் றூர் முன்னணியில் நின்றது. புகையிரதம் வந்தது, அந்நூற்றாண்டு முடிவதற்குள் றூரின் கரிப் படகுகள் மறைந்தன.

படகு மறைந்தாலும் துறைமுகம் மறையவில்லை. கரி இப்போது புகையிரதப் பெட்டிகளில் வந்து, றூரோர்ட்டில் றைன் படகுகளுக்கு மாறியது. கரி நிறைந்த பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே சாய்த்து, கீழே நிற்கும் படகினுள் கொட்டிவிடும் பொறிகள் குடாக்களின் ஓரத்தில் நிறுவப்பட்டன. பிரான்ஸ் ஹானியேல் போன்ற றூரோர்ட் வணிகர் கரியும் கப்பலும் இரும்பும் ஒருங்கே கையாண்டு பெருஞ்செல்வராயினர். டூயிஸ்பேர்க் வணிகரும் வாளாவிருக்கவில்லை. தம்மைவிட்டு விலகிய றைன் நதியை எட்டிப் பிடிக்க 1828 இல் தொடங்கிக் கால்வாய் வெட்டித் தமக்கெனத் துறை அமைத்துக்கொண்டனர். ஒன்றையொன்று போட்டியாகப் பார்த்த இவ்விரு துறைகளும் 1905 ஆம் ஆண்டில் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைந்தன. 1914 இல் றைன்–ஹேர்ண கால்வாய் திறக்கப்பட்டபோது, சுரங்கங்கள் நிறைந்த உட்பகுதிக்கும் நேரான நீர்வழி கிடைத்தது.

1901 ஆம் ஆண்டில் றூரோர்ட்டில் படகோட்டிகளுக்கெனத் தனிச் சந்தையொன்று ஏற்பட்டது. அங்கே விலைபோனது பண்டமன்று. படகில் உள்ள இடமே. எந்தச் சரக்கு, எந்த ஊருக்கு, என்ன கூலிக்கு என்று அங்கே பேசி முடித்தனர். படகோட்டியின் குடும்பமும் படகிலேயே வாழ்ந்தது. பிள்ளைகள் பள்ளிப் பருவம் எய்தியதும் அவர்களைக் கரையிலுள்ள விடுதியில் விட்டுச் செல்ல நேர்ந்தது. படகின் வருமானத்தைக் கணக்கிட்டவர்கள் இந்தப் பிரிவை எந்தப் பத்தியில் எழுதினார்களோ, அறியோம்.

இத்தகைய இடம் பகைவரின் கண்ணில் படாதிருக்குமா? முதலாம் உலகப் போருக்குப் பின், போர் நட்டஈடு தொடர்பான பிணக்கில், 1921 மார்ச்சு மாதத்தில் நேசநாட்டுப் படைகள் டூயிஸ்பேர்க்கையும் றூரோர்ட்டையும் கைப்பற்றின. கரியின் வாயிலைப் பிடித்தவன் கரியையே பிடித்தவனாவான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் குண்டுமாரி பொழிந்தது. 1945 இல் போர் ஓய்ந்தபோது பாலங்கள் ஆற்றில் வீழ்ந்து கிடந்தன. குடாக்களில் படகுகள் மூழ்கிக் கிடந்தன.

அவற்றையெல்லாம் அகற்றி முடிக்கும் வேளையில், மெல்ல மெல்ல வளர்ந்துவந்த மற்றொரு தொல்லை பெரிதாகத் தெரிந்தது. றைன் நதி தன் படுக்கையை அரித்து ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் கீழிறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றை நேராக்கியதும், மேற்பகுதியில் அணைகள் கட்டிச் சரளைக் கற்களைத் தடுத்ததும் இதற்குக் காரணங்கள். ஆறு இறங்கினால் நீர்மட்டமும் இறங்கும். குடாக்களின் தரையோ இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே ஆண்டுதோறும் குடாக்களில் ஆழம் குறைந்தது. குடாவை மேலும் தோண்டலாமே என்பீர்கள். தோண்டினால் கரைச்சுவர்களின் அத்திவாரம் வெளிப்பட்டுச் சுவர் சரியும். வாயிலில் நீரடைப்புக் கட்டினால் ஒவ்வொரு படகும் காத்துக்கிடக்க நேரும்.

பொறியியலாளர் கண்ட வழி விந்தையானது. துறைமுகத்தின் அடியிலும் நிலக்கரிப் படிவுகள் இருந்தன. அக்கரியைக் கணக்கிட்டு, சீராக எடுத்தால் மேலேயுள்ள நிலமும் சீராகத் தாழும் அன்றோ? 1950 களின் தொடக்கத்தில் இப்பணி ஆரம்பமாகி 1960 களின் பிற்பகுதிவரை நடைபெற்றது. குடாக்கள், கரைச்சுவர்கள், தண்டவாளங்கள், பாரந்தூக்கிகள் யாவும் ஒன்றாக ஏறக்குறைய இரண்டு மீற்றர் கீழிறங்கின. அத்தனை காலமும் துறைமுகம் தன் தொழிலை நிறுத்தவில்லை. சுரங்கத்தால் நிலம் தாழ்வது றூர்ப் பிரதேச மக்களுக்குப் பழைய சாபம். அதனால் வெடித்த வீடுகள் பல. அந்தச் சாபத்தையே இங்கு கருவியாக்கினர். கரியை ஏற்றி வளர்ந்த துறைமுகத்தைக் கரியைத் தோண்டியே காப்பாற்றினர்.

அக்காலத்திலேயே படகுத் தொழிலும் மாறியது. முன்னர் நீராவி இழுவைக்கப்பல் ஒன்று முன்னே செல்ல, பாரப்படகுகள் வரிசையாகக் கயிற்றில் பின்தொடர்ந்தன. அவ்வகை இழுவைக்கப்பலான 'ஒஸ்கார் ஹூபர்', 1922 இல் கட்டப்பட்டது, இன்று றூரோர்ட்டில் காட்சிப்பொருளாக நிற்கின்றது. 1957 முதல், பின்னாலிருந்து தள்ளும் முறை றைன் நதிக்கு வந்தது. ஆளில்லாத தட்டைப் படகுகள் நான்கையோ ஆறையோ ஒன்றாகப் பிணைத்து ஒரே கப்பல் தள்ளும். றொட்டர்டாமிலிருந்து இரும்புத்தாதுவைக் கொண்டுவரும் ஆறு படகுத் தொடர் ஒன்று பதினையாயிரம் தொன்னுக்கு மேல் சுமக்க வல்லது. இழுவைப் படகுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல கரையேறின.

பின்னர் உருக்குத் தொழிலுக்கே கெட்ட காலம் வந்தது. ஆற்றின் மறுகரையில் உள்ள றைன்ஹவுசனில் குறூப் நிறுவனத்தின் பேராலை இருந்தது. அதை மூடப்போவதாக 1987 நவம்பரில் செய்தி வெளிவந்ததும் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். றைன் பாலத்தை மறித்தனர். அப்பாலத்துக்கு 'ஒருமைப்பாட்டுப் பாலம்' என்ற பெயர் அன்று வந்து நிலைத்துவிட்டது. போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தும், 1993 இல் ஆலை மூடப்பட்டது. வெறிச்சோடிய அந்த நிலத்தில் 1998 முதல் துறைமுக நிருவாகம் கொள்கலன் முனையங்களையும் பண்டசாலைகளையும் அமைத்தது. வேலை திரும்பி வந்ததென்று சொல்லுவோர் உளர். உலைக்கு முன் நின்று தொழில் கற்றவனுக்குப் பெட்டி அடுக்கும் வேலை அதே வேலைதானா என்று கேட்போரும் உளர். இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

2011 ஆம் ஆண்டு முதல் சீனாவின் சொங்சிங் நகரிலிருந்து, ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீற்றர் கடந்து, சரக்குப் புகையிரதங்கள் இங்கு வந்து சேர்கின்றன. 2018 டிசம்பரில் ஜேர்மனியின் கடைசி வன்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. அச்சுரங்கத்தின் பெயரில் றூரோர்ட் வணிகரான ஹானியேலின் பெயரும் இணைந்திருந்தது. றூரோர்ட்டில் கரி குவித்த 'கரித்தீவு' என்னும் இடத்தில் 2022 இல் கொள்கலன் முனையமொன்றின் கட்டுமானம் தொடங்கிற்று.

ஆயினும் ஆற்றின் குணம் மாறவில்லை. 2018 ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அக்டோபரில் றூரோர்ட் நீர்மானி அதுகாறும் காணாத தாழ்வைக் காட்டியது. படகுகள் தம் கொள்ளளவில் ஒரு பகுதியையே ஏற்றிச் சென்றன. தாது வந்து சேராமையால் உருக்கு உற்பத்தி குறைந்தது. 2022 கோடையிலும் நீர் மிகத் தாழ்ந்தது. படகோட்டி பாரம் ஏற்றுமுன் கேட்கும் முதற்செய்தி நீர்மட்டமே. ஜேர்மன் வானொலி நிலையங்கள் பல தசாப்தங்களாக அதை நாள்தோறும் ஒலிபரப்பி வந்தன. பாட்டுமில்லை, பேச்சுமில்லை, கௌப் இவ்வளவு, கொலோன் இவ்வளவு, றூரோர்ட் இவ்வளவு என்று ஊர்ப்பெயரும் எண்ணும் மட்டுமே ஒலிக்கும். படகின் சமையலறையில் இருந்தவர்கள் அதற்காகப் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார்கள்.