தாழை ஏறிவந்த தடம்

திண்டுக்கல் பூச்சந்தையில் முதல் மரியாதை மல்லிகைக்குத்தான். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து, கிலோக் கணக்கில் போகும். தாழம்பூவோ எண்ணி விற்கிற பூ. அதன் சொந்த ஊர் கடற்கரை. ராமநாதபுரம் கரையிலிருந்து மதுரை தாண்டி இங்கே வந்து சேர நூறு மைலுக்கு மேல்.

தாழை யாரும் நட்டு, நீர் ஊற்றி வளர்த்ததல்ல. உப்புக்காற்று அறையும் மணல்மேட்டில் விழுதூன்றி, இலை ஓரமெல்லாம் முள்ளோடு புதராக நிற்கும். இதில் ஆண் வேறு, பெண் வேறு. மணப்பது ஆண் தாழையின் பூ. பெண் தாழை அன்னாசி போலக் காய்க்கும். அந்தக் காய் சுளை சுளையாகப் பிரிந்து, நார்ப்பிடிப்பால் கடலில் மாதக்கணக்கில் மிதந்து, வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். காய்க்குக் கடல்வழி, பூவுக்குத் தரைவழி.

பூவின் தரைப்பயணம் மிகப் பழையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலைப்பெண்கள் பறித்துக் குவிக்கும் 99 பூக்களில் தாழையும் உண்டு. கடலோர நெய்தல் நிலத்துப் பூ குறிஞ்சிப் பாறையில் கிடப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

புராணக் கதையில் பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பூ இது. உத்தரகோசமங்கையிலோ அங்குள்ள சிவனான மங்களநாதருக்கே சாத்துகிறார்கள். கடல் அங்கிருந்து தூரமில்லை. தன் மண்ணின் பூவை அந்த ஊர் கைவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்ற ஊர்களில் அம்மனுக்கும் பெண்களின் ஜடைக்கும் போகும். மடல்களை மடித்து ஜடையில் வைத்துத் தைத்தால், வாடிய பிறகும் மணம் போகாது. காய்ந்த மடலைப் பட்டுப்புடவைக்கு நடுவே வைப்பார்கள். அடுத்த கல்யாணத்துக்குப் பெட்டியைத் திறக்கும்போதும் மணக்கும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதே பூவைச் செம்புப் பானையில் காய்ச்சி வடித்து அத்தர் எடுக்கிறார்கள். அந்தப் பூவுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

நம் கரையில் தாழைக்கு அந்த மதிப்பு இல்லை. முள்புதர் என்று வெட்டித் தள்ளுகிறோம். மணலைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேர்தான். பூவைப் பறிப்பதால் செடி சாகாது, வேரோடு பிடுங்கினால்தான் சாகும். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் வேலி போட நினைக்கும்போது, அங்கே நிற்கும் தாழையையே வேலியாக விட்டுவையுங்கள்.