பிள்ளை அப்பனுக்கு, பசி அம்மாவுக்கு: ஜீவனாம்சமும் சாதியும் – ஒரு சட்ட வரலாறு

“பிள்ளையை என்கிட்ட விட்டுடு, இல்லன்னா ஒரு பைசா தர மாட்டேன்.” குடும்ப நல நீதிமன்ற வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத சமூகப் பணியாளர் இருக்க முடியாது. சொல்கிறவர் அதை நியாயம் என்று நம்பித்தான் சொல்கிறார். கேட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணும், அவளோடு வந்த அப்பாவும் அண்ணனும்கூட, அதில் ஏதோ நியாயம் இருப்பதாக நினைத்து வாயடைத்துப் போகிறார்கள். பிள்ளை வேண்டுமென்றால் நீயே சோறு போடு, சோறு வேண்டுமென்றால் பிள்ளையைக் கொடு என்பதுதான் பேரம்.

சட்டத்தில் இப்படி ஒரு பேரத்துக்கு இடமே கிடையாது. பிள்ளை யாரிடம் வளர்வது என்பது ஒரு கேள்வி. பிள்ளைக்கு யார் செலவழிப்பது என்பது வேறு கேள்வி. இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு வழியில் சட்டப் புத்தகத்துக்குள் வந்தவை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது எல்லாப் பெண்களுக்கும் நல்லது. தலித் பெண்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

விதையும் நிலமும்

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்கிறது, ஆணை விதை என்கிறது. விளைச்சல் விதைத்தவனுக்கா, நிலத்தின் சொந்தக்காரனுக்கா என்று நீண்ட விவாதமே நடத்துகிறது. எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பிள்ளை ஏதோ ஓர் ஆணுக்குத்தான் போய்ச் சேரும். நிலத்துக்குப் பங்கு கேட்க வாய் கிடையாது. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னின்று எரித்த நூலில் இதுவும் இருந்தது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம் மட்டும் முற்போக்காக இருந்ததா? இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலும் பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். கணவனைப் பிரிந்த கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரிடமிருந்து அவருடைய மூன்று மகன்களும் பறிக்கப்பட்டார்கள். அவர் நடத்திய போராட்டத்தால்தான் 1839ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய் நீதிமன்றம் போகலாம் என்ற அளவுக்குத்தான் அதுவும் இடம் கொடுத்தது. இந்தியாவுக்கு 1890ல் காப்பாளர்கள் மற்றும் மைனர்கள் சட்டம் வந்தது. தந்தை உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்று அதன் 19ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவில் தந்தையோடு தாயையும் சேர்க்க 2010 வரை ஆனது. மனுவின் தந்தையுரிமையும் விக்டோரியா மகாராணி காலத்துத் தந்தையுரிமையும் இப்படித்தான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தன.

நம் சேரிகளில் நிலைமை வேறாக இருந்தது என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. அறுத்துக்கட்டும் வழக்கம் தலித் சமூகங்களிலும் பிற உழைக்கும் சாதிகளிலும் நெடுங்காலமாக இருந்தது. மேல்சாதி இந்துப் பெண்களுக்கு விவாகரத்து என்ற ஒன்றே சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் மூலமும், நாடு முழுக்க 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மூலமும்தான் கிடைத்தது. 1955 சட்டமும் தன் 29ஆம் பிரிவில் வழக்கப்படியான மணமுறிவைச் செல்லும் என்று விட்டுவைத்தது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்து பெண்ணுக்கு விடுதலை கொடுத்தபோது பிள்ளையை என்ன செய்தது? கொடுத்த பரியத்தையும் போட்ட நகையையும் கணக்குப் பார்த்தது. பிள்ளையைப் பெரும்பாலும் ‘அப்பன் வீட்டுக்கு’ என்றது. தாயோடு போகும் பிள்ளைக்கு மாதாமாதம் யார் அரிசி வாங்குவது என்று அது கேட்கவில்லை.

ஐம்பது ரூபாய்

இரண்டாவது கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, வசதியிருந்தும் மனைவியையோ பிள்ளையையோ காப்பாற்ற மறுக்கும் ஆணுக்கு மாதத் தொகை கட்டுமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்றது. திருட்டு, அடிதடி விசாரிக்கும் சட்டத்துக்குள் ஜீவனாம்சம் ஏன் போனது? கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்து பிச்சையெடுப்பதையும் அதனால் பொது ஒழுங்கு கெடுவதையும் தடுக்க வேண்டும் என்ற கணக்கு அது. பிள்ளையின் உரிமையைவிட அரசாங்கத்தின் தொல்லைதான் முன்னால் நின்றது.

ஆனால் அந்த வாசல் வழியாக வந்ததால் இரண்டு நன்மைகள் கூடவே வந்தன. ஒன்று, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தியது. இரண்டு, முறைப்படி பிறந்த பிள்ளை, முறைப்படி பிறக்காத பிள்ளை என்ற வித்தியாசமில்லாமல் இருவருக்கும் தந்தை சோறு போட வேண்டும் என்று எழுதப்பட்டது. பண்ணையார்களும் பண்ணையார் மகன்களும் கூலிப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு நாட்டில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். தந்தை யார் என்று நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அதன் முட்டுக்கட்டை. மிட்டாதாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல எந்த ஊரில் யார் வந்தார்கள்?

சுயமரியாதைத் திருமணங்களின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்றது. ஐயரும் அக்கினியும் இல்லாமல் மணந்தவர்களின் பிள்ளைகள் ஒரே தீர்ப்பில் ‘முறையற்ற’ வாரிசுகள் ஆனார்கள். 1967ல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம்தான், ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் சேர்த்து, அதைச் சரிசெய்தது. இடைப்பட்ட காலத்தில் சொத்துரிமை ஆட்டம் கண்டபோதும், 488ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளைகள் கேட்கக்கூடிய சோறு கைவிட்டுப் போகவில்லை.

தொகைக்கு வருவோம். 1898ல் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923ல் 100. 1955ல் 500. 1973ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து 488ஆம் பிரிவு 125ஆம் பிரிவானபோதும் அதே 500 தான். தாயும் பிள்ளைகளும் சேர்ந்தே 500 என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்ட நிலையில், நீதிபதி கிருஷ்ணய்யர் 1978ல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 500 வரை கேட்கலாம் என்று தீர்ப்பளித்தார். சில மாநிலங்கள் தாங்களாகத் தொகையை உயர்த்தின. மத்தியச் சட்டத்தில் இந்த வரம்பு 2001 வரை உட்கார்ந்திருந்தது. 46 ஆண்டுகள்! அரிசி விலை எங்கே போனது, பள்ளிக் கட்டணம் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. 2001 திருத்தம் வரம்பை நீக்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிந்தவரை 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதே பிரிவு புதிய சட்டத்தில் 144 என்ற எண்ணோடு இருக்கிறது.

1956: யார் காப்பாளர்?

இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். அந்த மசோதா பிறகு நான்கு துண்டுகளாக நிறைவேறியது. அதில் ஒரு துண்டு 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பிறகு’ தாய் என்றது. ஐந்து வயது முடியும்வரை மட்டும் பிள்ளை வழக்கமாகத் தாயிடம் இருக்கலாம். பால் கொடுக்கவும் மலம் அள்ளவும் தாய், பள்ளியில் சேர்க்கும் வயது வந்தால் தந்தை. அதே பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாயே முதல் காப்பாளர் என்கிறது. அதாவது ஆண் பொறுப்பேற்க விரும்பாத பிள்ளையை மட்டும் சட்டம் தாராளமாகத் தாயிடம் கொடுத்தது.

அதே பிரிவில், இந்துவாக இருப்பதை விட்டவருக்கு இயற்கைக் காப்பாளர் உரிமை கிடையாது என்றும் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ போன தலித் தாய்க்கு இது நேராக வந்து விழும் அடி. மதம் மாறியதற்காகப் பட்டியல் சாதிச் சலுகையை ஒரு ஆணை பறிக்கிறது, பிள்ளையின் காப்பாளர் தகுதியை இன்னொரு சட்டம் பறிக்கிறது. பௌத்தம் தழுவியவர்களை மட்டும் இந்தச் சட்டம் ‘இந்து’ கணக்கிலேயே வைத்துக்கொண்டது. நல்லவேளையாக, பிள்ளையின் நலனே தலையாயது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் மதம் மாறிய தாயிடமும் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருட்களோ அல்ல என்று 1973ல் நீதிபதிகள் எழுதியது பிற மதத்தவர்க்கும் பொருந்தும் அடிப்படையாக நிலைத்தது.

‘அவருக்குப் பிறகு’ என்ற சொல்லை உடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகன் பெயரில் பத்திரம் வாங்கத் தாய் போட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்ததால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குத் தொடுத்தார். ‘பிறகு’ என்றால் தந்தை செத்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை பிள்ளையின் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தில் இருக்கும் சொல் இன்றும் மாற்றப்படவில்லை.

அம்மாவின் ‘நடத்தை’யும் பிள்ளையின் சோறும்

125ஆம் பிரிவின்படி மனைவி வேறொருவரோடு தவறான உறவில் வாழ்கிறாள் என்று நிரூபித்தால் அவளுக்கு ஜீவனாம்சம் இல்லை. தலித் பெண் வழக்குப் போட்டால் எதிர்மனுவில் முதலில் வருவது அவள் நடத்தை பற்றிய பத்தியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயலுக்குப் போகிறாள், சித்தாள் வேலைக்குப் போகிறாள், பஸ்ஸில் இரவில் திரும்புகிறாள் என்பதெல்லாம் குற்றச்சாட்டாகிறது. ஆனால் அந்தத் தடை மனைவிக்கு மட்டும்தான். பிள்ளையின் தொகையை அது தொடாது. அம்மாவைப் பற்றி என்ன எழுதினாலும் பிள்ளையின் சாப்பாட்டுக்கு அப்பன் கட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த உண்மையை மிகத் தெளிவாகச் சொன்னது ஷா பானு வழக்கைத் தொடர்ந்து வந்த ஒரு தீர்ப்பு. அந்த மூதாட்டிக்கு மாஜிஸ்திரேட் கொடுத்தது மாதம் 25 ரூபாய், உயர் நீதிமன்றம் உயர்த்தியது 179 ரூபாய் 20 பைசா. அதற்காக நாடே கொந்தளித்தது. 1986ல் புதுச் சட்டம் வந்தது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணிடம் வளரும் பிள்ளைக்கு இரண்டு வயது வரை மட்டும் முன்னாள் கணவன் கொடுத்தால் போதும் என்று அதற்குப் பொருள் சொல்லப் பார்த்தார்கள். நூர் சபா காத்தூன் வழக்கில் 1997ல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. தாயின் உரிமை எந்தச் சட்டத்தில் இருந்தாலும் பிள்ளையின் உரிமை தனி, அது மைனர் பருவம் முடியும்வரை நிற்கும் என்றது. ‘மொத்தமாக இவ்வளவு வாங்கிக்கொண்டு தீர்த்துக்கொள்’ என்று பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் பத்திரங்களுக்கும் இதுதான் பதில். தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமை அவள் விட்டுக்கொடுக்கும் பொருளல்ல.

சான்றிதழ் யார் பெயரில்?

சாதி மறுப்புத் திருமணம் முறியும்போது மூன்றாவது கேள்வி ஒன்று எழுகிறது. ஆதிக்கச் சாதிக் கணவன் குடும்பத்தின் நெருக்குதலில் ஒதுங்கிப் போகிறான், தலித் தாய் பிள்ளையைச் சேரியில் வளர்க்கிறாள். பிள்ளையின் சாதி எது? அப்பன் சாதி என்றால் அந்தப் பிள்ளை தீண்டாமையை அனுபவிக்கும், கல்வி உதவித்தொகையை மட்டும் அனுபவிக்காது. கலப்பு மணப் பிள்ளைகளுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் சாதியைத் தேர்ந்துகொள்ள 1975லேயே தமிழக அரசாணை வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2012ல் ரமேஷ்பாய் நாய்கா வழக்கில், தந்தை சாதி என்பது ஓர் அனுமானம்தான், தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவுகளைச் சுமந்ததைக் காட்டினால் அது மாறும் என்றது. ஆகவே பிள்ளை யாரிடம் வளர்ந்தது என்ற கஸ்டடி ஆவணம் பிற்காலத்தில் சாதிச் சான்றிதழுக்கும் சாட்சி. வழக்கு நடக்கும்போதே பள்ளிப் பதிவு, ரேஷன் அட்டை, முகவரி எல்லாவற்றையும் தாயோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

தீர்ப்புக்குப் பிறகு

உத்தரவு வாங்குவது பாதி வழி. வசூலிப்பதுதான் மீதிப் பாதி. கட்டாத தொகைக்கு வாரண்ட் போடலாம், அப்போதும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்வந்தாலும் கடன் தீராது என்று உச்ச நீதிமன்றம் குல்தீப் கவுர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா அலைந்து ஒரு நாள் கூலியை இழக்கும் பெண்கள் தவறவிடுவது இந்த ஓராண்டைத்தான். ‘எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை’ என்று தப்பிக்கும் ஆண்களுக்கு 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் ஒரு கடிவாளம் போடப்பட்டது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், தொகையை மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

நம் இயக்கங்கள் வன்கொடுமை வழக்கென்றால் கொடியோடு நீதிமன்றத்தில் நிற்கின்றன. ஜீவனாம்ச வழக்கென்றால் ‘குடும்பப் பிரச்சினை’ என்று ஒதுங்கிக்கொள்கின்றன. கட்ட மறுக்கும் ஆண் நம் தோழராகவே இருக்கும்போது இன்னும் அமைதியாகிவிடுகின்றன. மனுவைக் கொளுத்திய வழியில் வந்தவர்கள் விதைக்கும் நிலத்துக்குமான பழைய கணக்கைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த முறை பஞ்சாயத்தில் அந்தப் பேரம் பேசப்படும்போது அங்கே இருக்கும் தோழர் யாராவது ஒருவர் எழுந்து, பிள்ளை எங்கே வளர்ந்தாலும் மாதாமாதம் பணம் கட்டு என்று சொல்ல வேண்டும்.