வெளியாகும் பொருளை யார் பார்த்தார்கள்? உதிரிபாக ஒப்புதலும் திறமூல நிரல் மீளாய்வும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி வளர்ந்த உதிரிபாக ஆலைகளில் ஒரு நடைமுறை வேரூன்றியிருக்கிறது: புதிய பாகம் எதுவும் மாதிரியோடும் ஆவணத்தோடும் ஒப்புதல் பெறாமல் வாகன நிறுவனத்துக்குள் போகாது. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் படிவமும் மாறினாலும், பரவலாக வழங்கும் பெயர் பி.பி.ஏ.பி. அமெரிக்காவின் ஏ.ஐ.ஏ.ஜி. அமைப்பு வெளியிட்ட அதன் கையேட்டின் நான்காம் பதிப்பு (2006) 18 கூறுகளைக் கேட்கிறது. திறமூல மென்பொருளின் வெளியீட்டுக்கு முந்தைய மீளாய்வில் இன்று விடுபட்டிருப்பது எது என்பதை இந்த நடைமுறை தெளிவாகக் காட்டுகிறது என்பதே என் வாதம்.

பி.பி.ஏ.பி.யின் உயிர்நாடி அதன் காகிதக் கட்டில் இல்லை. மாதிரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்ற விதியில் இருக்கிறது. கைத்திறன் மிக்க ஒருவர் டூல் ரூமில் இழைத்துக் கொடுத்த பாகம் செல்லாது. உற்பத்திக்கென்றே அமைந்த அச்சில், அதே எந்திரத்தில், அதே ஆட்கள் ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் ஓட்டி, வாடிக்கையாளர் வேறு எண்ணிக்கை சொல்லாதவரை, தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பாகங்கள் எடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் மோல்டில் நான்கு குழிவுகள் இருந்தால் நான்கிலிருந்தும் பாகம் எடுத்து அளக்க வேண்டும். மூன்றாம் குழிவில் மட்டும் சுருக்கம் கூடியிருந்தால், மற்ற மூன்றை எத்தனை முறை அளந்தாலும் அது தெரியாது.

இதை 2024 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் 5.6.0 பதிப்போடு ஒப்பிடலாம். உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் சுருக்க நிரல் அது. அந்தப் பதிப்பில் ரகசியமாக ஒரு பின்கதவு புகுத்தப்பட்டிருந்தது. அதன் உடல், சோதனைக் கோப்பு என்ற வேடத்தில் திட்டத்தின் நிரல் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்துக்கு வைத்த வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. அதுவும் 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதியாகக் கட்டும்போதுதான் விழித்துக்கொண்டது. நிரல் மாற்றங்களை வரிவரியாகப் படித்தவர்கூட இதைப் பிடித்திருக்க முடியாது. அவர் படித்தது ஒன்று. ஊருக்குப் போனது வேறொன்று. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அந்தக் கவனம் போற்றத்தக்கது. ஆனால் ஒரு தனி மனிதரின் விழிப்பை நம்பி எந்த ஆலையும் ஷிஃப்ட் தொடங்குவதில்லை.

இரண்டாவது பாடம் இதைவிடக் கூர்மையானது. பி.பி.ஏ.பி.யில், அச்சு வேறு ஆலைக்கு இடம்பெயர்ந்தாலோ, 12 மாதம் உற்பத்தியின்றிக் கிடந்தாலோ, துணை சப்ளையர் மாறினாலோ, பழைய ஒப்புதல் அப்படியே தொடராது. வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். எக்ஸ்.இசட்டில் களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரிடமிருந்து வெளியீட்டு அதிகாரம், பின்னர் அந்தப் பின்கதவுப் பதிப்பை வெளியிட்ட புதியவர் கைக்குப் போனது. ஆள் மாறியது, அந்த மாற்றம் மறுபரிசீலனை எதையும் தூண்டவில்லை.

ஆலை ஒழுங்கைத் தன்னார்வலர் மேல் சுமத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. சப்ளையருக்கு ஆர்டர் உண்டு, பணம் உண்டு. திறமூல உரிமம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 18 கூறுகளையும் கேட்பது அநீதி; பார்க்காமலே கையெழுத்திடும் சடங்காகவும் அது சீரழியும். ஆகவே இரண்டை மட்டும் கேட்கலாம். வெளியீட்டுத் தொகுப்பை வேறொருவர் மூலத்திலிருந்து தனியே கட்டி, பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். டெபியன் முன்னெடுத்த மறு உருவாக்கப் பணி இதற்கு வழி காட்டியிருக்கிறது. வெளியிடும் கை மாறினால் அடுத்த பதிப்புக்கு முழு மீளாய்வு வேண்டும்.

அந்த உழைப்புக்கு ஆள் எங்கே? போஸ்ட்கிரெஸ்கியூஎல் திட்டத்தின் கமிட்ஃபெஸ்ட் முறையில், திருத்தம் அனுப்புகிறவர் பிறர் அனுப்பியதில் குறைந்தது ஒன்றையாவது மீளாய வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எது யாரிடம் தேங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க ஒரு மேலாளரும் இருப்பார். கொடுப்பவருக்கான இந்தக் கடமை எடுப்பவருக்கும் நீள வேண்டும். இன்றைய வாகனங்களின் தொடுதிரைகள் பலவற்றுக்குள் லினக்ஸோ ஆண்ட்ராய்டோ ஓடுகிறது. அந்த நிரலும் வெளியிலிருந்து வரும் உதிரிபாகம்தான். ரப்பர் புஷ்ஷை அளந்து பார்க்கத் தரப் பொறியாளரை நியமிக்கும் நிறுவனம், தான் பயன்படுத்தும் திறமூலத் திட்டத்தின் வெளியீட்டு வாரங்களில் தன் பொறியாளர் ஒருவரின் வேலை நேரத்தை அதன் மீளாய்வுக்குச் சம்பளத்தோடு ஒதுக்க வேண்டும்.