மாவு சலித்த பட்டு

மூலனூரில் பருத்தி ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிற்பாடு பல்லடம் பக்கம் தறிப்பட்டறையில் துணி பார்க்கும் வேலை. லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று எண்ணிப் பழகிய கண். கடலாய்வு வரலாற்றைப் படித்தாலும் கப்பலை விட்டுவிட்டு வலைத்துணியைத்தான் தேடுவேன்.

கடலில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள் மீன்வலையில் நிற்காது. 1832இல் பீகிள் கப்பலிலிருந்து டார்வின் இழுத்தது கொடித்துணியில் தைத்த பை. ஜெர்மனியின் விக்டர் ஹென்சன் 1889இல் 'நேஷனல்' கப்பலில் அட்லாண்டிக்குக்குக் கொண்டுபோனது மாவு மில்லில் சலிக்கும் பட்டு. எல்லாக் கண்ணும் ஒரே அளவு. அப்போதுதான் இவ்வளவு தண்ணீரில் இத்தனை உயிர் என்று கணக்குச் சொல்ல முடியும். நெசவாளியின் சீரான கைவேலை இல்லாவிட்டால் அந்தக் கணக்கே இல்லை.

என் மனசுக்கு நெருக்கமானவர் அலிஸ்டர் ஹார்டி. 1920களில் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன்களின் வயிற்றை அறுத்து, அவை எதைத் தின்கின்றன என்று பார்த்தார். முக்கியமான இரை காலனஸ். அரிசிமணியைவிடச் சின்ன உயிர். மிதக்கும் நுண்பாசியைத் தின்று உடம்பில் எண்ணெயாகச் சேர்த்துக்கொள்ளும். வடகடலில் ஹெர்ரிங்கும், காட் மீன் குஞ்சும், கடற்பறவையும், சில திமிங்கிலங்களும் அந்த எண்ணெயை நம்பித்தான் பிழைக்கின்றன.

ஹார்டி ஒரு கருவி செய்தார். சரக்குக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்தால், உள்ளே பட்டுச்சுருள் மெல்ல நகரும். தண்ணீரோடு வரும் உயிர்கள் அதில் படியும். இன்னொரு பட்டு மேலே மூடிக்கொள்ளும். கண் அளவு 0.27 மில்லிமீட்டர். 1931இல் வடகடலில் ஓட ஆரம்பித்தது.

வலைக்கண் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற அக்கறை நம் பக்கத்திலும் இருந்தது. 1960களின் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்கள் ஒரே மாதிரி வலையை இறக்கின. வாய் ஒரு சதுர மீட்டர், கண் 0.33 மில்லிமீட்டர். பிடிபட்டதைக் கொச்சியில் உட்கார்ந்து பிரித்தெடுத்தார்கள். எத்தனை கண்கள் அதில் வலித்திருக்கும்!

நைலான் வந்த பிறகும் ஹார்டியின் கருவியில் பட்டை மாற்றவில்லை. துணி மாறினால் பழைய கணக்கோடு புதிய கணக்கு ஒட்டாது. அந்தப் பிடிவாதத்தை நான் கும்பிடுகிறேன். அதனால்தான், வெப்பநீர் இனங்கள் 40 ஆண்டுகளில் பத்து அட்சரேகை அளவுக்கு வடக்கே ஏறியதை 2002இல் சொல்ல முடிந்தது. வடகடலில் வசந்தத்தில் பெருகும் காலனஸ் குறைந்து, இலையுதிர்காலத்தில் பெருகும் அதன் தெற்கத்திப் பங்காளி கூடிவிட்டது. காட் குஞ்சு பொரிப்பதோ வசந்தத்தில்.