ஒரு கணினிக்குள் பல கணினிகள்: மெய்நிகர் இயந்திரத்தின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தமிழ்ப்பள்ளியின் பழைய கணினி ஒன்று பழுதடைந்தது. 2001ஆம் ஆண்டில் என் மாணவர்கள் தோட்டப்புற முதியோரிடம் கேட்டுத் தொகுத்த வாழ்க்கைக் குறிப்புகள் அதனுள் இருந்தன. வன்தட்டிலிருந்து கோப்புகளை எப்படியோ மீட்டுவிட்டோம். ஆனால், அவற்றைத் திறப்பதற்குரிய மென்பொருள் புதிய கணினியில் இயங்க மறுத்தது. அதற்கு விண்டோஸ் 98 வேண்டும். அந்த முதியோருள் பலர் இன்று நம்மிடையே இல்லை. மீண்டும் கேட்டு எழுத வழியில்லை.

அவ்வேளையில் கைகொடுத்தது மெய்நிகர் இயந்திரம். ஒரு மென்பொருளின் துணையோடு, புதிய கணினிக்குள்ளேயே ஒரு கற்பனைக் கணினியை அமைத்து, அதில் விண்டோஸ் 98ஐ நிறுவினேன். என் மாணவர்களின் எழுத்துகள் மீண்டும் திரையில் தோன்றின. இந்த வித்தையைக் கண்டவர் யார் என்று தேடியபோது, இஃது என் வயதையொத்த பழைய கருத்து என அறிந்து வியந்தேன்.

1960களில் கணினி என்பது ஓர் அறையையே நிறைக்கும் விலையுயர்ந்த பொறி. ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில், கேம்பிரிட்சு நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில், இராபர்ட் கிரீசி தலைமையிலான குழு 1964இல் இதற்கொரு தீர்வு தேடத் தொடங்கியது. ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியே சொந்தமாக இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கினர். சி.பி.-40 எனப்பட்ட அந்த அமைப்பு 1967ஆம் ஆண்டு சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே பொறியில் 14 மெய்நிகர் கணினிகள் வரை அதனால் இயங்கின. அதன் வழித்தோன்றலான வி.எம்./370ஐ ஐ.பி.எம். 1972இல் வெளியிட்டது.

இது நடைபெறுவது எவ்வாறு? ஒரு தேர்வு மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். மாணவர்கள் தத்தம் விடையைத் தாமே எழுதுவர். வெளியே செல்வதற்கோ தாள் பெறுவதற்கோ கையுயர்த்தி ஆசிரியரைக் கேட்பர். அதுபோலவே, மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் இயங்குதளம் சாதாரணக் கட்டளைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். பொறியின் பொதுநிலையைத் தொடும் கட்டளை வந்தால், செயலி அதனைத் தடுத்து மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்கும். கெரால்டு பொபெக், இராபர்ட் கோல்டுபர்க் ஆகிய இருவரும் 1974இல் இவ்விதியைக் கணித முறையில் வரையறுத்தனர்.

பின்னர், மலிவான தனிமேசைக் கணினிகள் பெருகின. ஆளுக்கொரு கணினி கிடைத்தபின், பங்கிட வேண்டிய தேவை குறைந்தது. பெருங்கணினிகளுக்கு வெளியே இக்கருத்தும் மங்கியது. போதாக்குறைக்கு, தனிமேசைக் கணினிகளில் பரவலாக இருந்த இன்டெல் வகைச் செயலி மேற்சொன்ன விதிக்கு உட்படவில்லை. பென்டியம் செயலியில் 17 கட்டளைகள் கையுயர்த்திக் கேளாதவை என 2000இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றுள் ஒன்று, உரிமையற்ற நிலையில் வரும்போது, கேட்ட பணியையும் முழுமையாகச் செய்யாது. மேற்பார்வை நிரலிடமும் முறையிடாது. ஒன்றும் நடவாததுபோல் கடந்துவிடும். இத்தகைய செயலியில் மெய்நிகர் இயந்திரம் இயலாதென்றே பலரும் கருதினர்.

சுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் மெண்டல் இரோசன்புளும் தம் மாணவர்களுடன் 1997இல் டிசுகோ என்னும் ஆய்வை வெளியிட்டு, மறைந்திருந்த கருத்துக்கு உயிரூட்டினார். 1998இல் அவரும் டயான் கிரீன் உள்ளிட்ட நால்வரும் விஎம்வேர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஆனால் கடும் உழைப்பைக் கோரியது. உள்ளிருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகளை இயங்குமுன்பே படித்து, இடர் தருவனவற்றை மட்டும் வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்தனர். 1999இல் அவர்களின் முதல் மென்பொருள் வெளிவந்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. இயலாதென்று ஒதுக்கப்பட்டது, இன்று மேகக் கணிமைக்கே அடித்தளமாக விளங்குகிறது.

பற்றாக்குறையைப் பங்கிடப் பிறந்த கருத்து, முதியோரின் நினைவுகளை மீட்க எனக்குத் துணைநின்றது. எனினும், மெய்நிகர் இயந்திரத்தையே நம்பி இருந்துவிடலாகாது. பழைய இயங்குதளத்தின் நிறுவல் வட்டு கெட்டுவிட்டால் அந்த வழியும் அடைபடும். ஆகவே, அக்குறிப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று படிகள் எடுத்து வைத்துள்ளேன். ஆசிரிய நண்பர்களே, உங்கள் அலமாரியிலும் பழைய வட்டுகள் இருக்கக்கூடும். படிக்க வழியிருக்கும் பொழுதே அவற்றை ஒருமுறை திறந்து பாருங்கள்.