பறவைகளின் பொதுப்பெயர்கள்: வட அமெரிக்கப் பெயர்க்குழுவின் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பறவைகளின் அறிவியற் பெயர்களைக் காப்பதற்குப் பன்னாட்டு விலங்கியற் பெயரிடல் விதித்தொகுப்பு உண்டு. முந்தி வெளியான பெயருக்கே முதலுரிமை என்பது அதன் அடிப்படை. பொதுப்பெயர்களுக்கோ அத்தகைய விதி ஏதுமில்லை. 1886ஆம் ஆண்டு தன் முதற் பட்டியலை வெளியிட்ட அமெரிக்கப் பறவையியலாளர் ஒன்றியம், ஆங்கிலப் பொதுப்பெயர்களையும் அதிலேயே வரையறுத்தது. பெயர்களை மாற்றுமாறு கோரிக்கை எழுந்தபோது அதன் பெயர்க்குழு பெரிதும் முன்வைத்த வாதம் நிலைபேறு என்பதாகும். அந்நிலைபேற்றைக் குழு தானே எவ்வளவு பேணியது என்பது ஆராயத்தக்கது.

1957ஆம் ஆண்டுப் பட்டியலில் 'கனடா ஜே' என்னும் பறவை 'கிரே ஜே' ஆயிற்று. கனடியர் பலர் இதனை ஏற்கவில்லை. 'கிரே' என்னும் சொல்லின் அமெரிக்க எழுத்துக்கூட்டலும் அவர்களுக்கு உறுத்தலாகவே இருந்தது. 61 ஆண்டுகள் கழித்து, 2018இல், பழைய பெயரே மீண்டது.

'ஓல்ட்ஸ்குவா' என்ற கடல்வாத்தின் பெயர் மாறிய வரலாறு இன்னும் நுட்பமானது. 'ஸ்குவா' என்பது அமெரிக்கத் தொல்குடிப் பெண்களை இழித்துரைக்கும் சொல். அலாஸ்காவில் இவ்வாத்தைக் காக்கும் பணிக்குத் தொல்குடியினரின் ஒத்துழைப்பு இன்றியமையாததாகையால், பெயரை மாற்றுமாறு அங்குப் பணியாற்றிய உயிரியலாளர்கள் வேண்டினர். 2000ஆம் ஆண்டு குழு அதனை 'நெடுவால் வாத்து' எனப் பொருள்படும் பெயராக மாற்றியது. ஆயினும் இழிவு என்பதை மட்டும் தனிக்காரணமாக அது ஏற்கவில்லை. பிற நாடுகளின் ஆங்கில வழக்கோடு ஒத்துப்போவதையே காரணமாகக் காட்டியது. முடிவு ஒன்று, காரணம் வேறொன்று. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமர்ந்தோர்க்கு இந்நிலை புதிதன்று.

அவ்வாறு ஒதுக்கிவைத்த வினாவே இருபது ஆண்டுகளில் நேரடியாக எழுந்தது. 1851இல் டெக்சாசில் ஜான் மக்கவுன் என்னும் படையதிகாரி சேகரித்த சிறு புல்வெளிப் பறவைக்கு, ஜார்ஜ் லாரன்ஸ் என்னும் பறவையியலாளர் அவர் பெயரையே சூட்டினார். பின்னர் உள்நாட்டுப் போரில் மக்கவுன், அடிமைமுறையைக் காக்க முனைந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தலைவரானார். அப்பெயரை நீக்கும் முன்மொழிவைக் குழு 2019இல் நிராகரித்தது. 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்டார். நாடெங்கும் போராட்டங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே அப்பறவை 'தடித்த அலகு லாங்ஸ்பர்' என்றாயிற்று. ஓராண்டுக்குள் மக்கவுனைப் பற்றிய சான்று எதுவும் மாறிவிடவில்லை. அதனை எடைபோட்ட சமூகச் சூழலே மாறியிருந்தது. எனவே நிலைபேறு என்பதை நடுநிலையான அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

2016இல் இவ்வொன்றியம் மற்றோர் அமைப்புடன் இணைந்து அமெரிக்கப் பறவையியல் கழகமாக மாறியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் பறவைகளுள் மனிதர் பெயர் தாங்கிய அனைத்திற்கும் புதுப்பெயர் சூட்டப்படும் என்று 2023 நவம்பர் 1ஆம் நாள் அது அறிவித்தது. முதற்கட்டத்தில் 70 முதல் 80 இனங்கள் கருதப்பட்டன. பழைய பெயர்க்குழுவிடம் ஒப்படைக்காமல், பொதுமக்கள் பங்கேற்புடன் தனிக்குழு வழியே இப்பணியைச் செய்ய முடிவெடுத்தது பெயர் மாற்றத்தினும் பெரிய மாற்றம் எனலாம். குற்றமற்ற இயற்கையியலாளரின் நினைவும் இதனால் அழியும் என்ற எதிர்ப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே விசாரிக்கும் நீதிமன்றமாகப் பறவையியலாளர் அமர இயலுமா என்னும் வினாவிற்கு எதிர்ப்பாளரிடம் தெளிவான விடையில்லை.

இம்மாற்றங்கள் யாவும் ஆங்கிலப் பெயர்களுக்கே உரியவை. முதலுரிமை விதிப்படி அந்தப் புல்வெளிப் பறவையின் அறிவியற் பெயர் இன்றும் 'ரிங்கோஃபேன்ஸ் மக்கவுனீ' என்பதே.